ஒரே பட்டனில் அத்தனை மிஷினும்

“மேடம், என் மிஷினக் காணோம்” என்றான் இருளப்பசாமி.

துர்காதேவி அவன் திரையை எட்டிப் பார்த்தாள். உண்மைதான். சற்று முன்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வெறும் கறுப்பு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் அவள்தான் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு செய்முறைத் தேர்வுக்கும், மாடியில் உள்ள பெரிய சர்வருக்குள் மாணவர்களுக்குத் தலைக்கு ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கித் தர வேண்டும். திரையில் மட்டும் தெரிகிற, தொட்டுப் பார்க்க முடியாத கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மிஷின் என்பார்கள். இத்தனை நாளும் ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்தாள். பாதி முடிவதற்குள் கண் பூத்துவிடும்; ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

இந்த முறை ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருந்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் அத்தனை மிஷினும் தானாக எழுந்து நிற்கும். முதல்வர் தங்கலட்சுமியிடம் மட்டும் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள்.

“இது சொதப்பிருச்சுன்னா மறுபடி கையாலதான் செய்யணும், பாத்துக்க துர்கா” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களிடம் அவள் மூச்சு விடவில்லை. தேர்வு முடிந்தபிறகு சொல்லி எல்லாரையும் அசத்த ஆசை.

காலையில் பட்டனைத் தட்டியதும் வரிசையாகத் திரைகள் ஒளிர்ந்தபோது அவளுக்குக் கைதட்டவே தோன்றியது. இப்போது ஒன்று காணோம். மறுபடி தட்டினாள். வந்தது. ஆனால் பக்கத்து வரிசையில் மாரிக்கனியின் மிஷின் போனது. அதற்கும் தட்டினாள். வரிசையே போனது. எழுதிய விடைகள் வேறோர் இடத்தில் சேமிப்பாகும்படி வைத்திருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள்.

தானாகப் போகவில்லை, யாரோ அழிக்கிறார்கள். ஹேக்கர் என்ற வார்த்தை மனதில் விழுந்தது. அடுத்த நொடியே உடம்பெல்லாம் ஒரு வேகம். நம் ஊர்க் கல்லூரியைத் தேடிக்கொண்டு ஒருத்தன் வருகிறான் என்றால், அவள் ஸ்கிரிப்டுக்கு எவ்வளவு மரியாதை.

மிஷின்களுக்கு மாணவர்களின் பதிவெண்ணையே பெயராக வைத்திருந்தாள். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டு அழிக்கிறான் போலும். எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர்களாக மாற்றினாள். அவ்வளவுதான், மொத்த லேபும் ஒரே வீச்சில் இருண்டது.

சர்வர் அறையைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த மாரிச்செல்வத்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அட்டெண்டர் அய்யப்பனை மாடிக்கு அனுப்பினாள்.

“சாரு தலைபோற வேலையா இருக்காகளாம். கதவத் தெறக்க மாட்டேங்காக” என்று அவர் திரும்பி வந்தார்.

லேபே பற்றி எரியும்போது அதைவிட என்ன தலைபோகிற வேலை என்று துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி தன் கையே தனக்கு உதவி என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு மிஷின் விழுந்தால் அந்த இடத்தில் உடனே இன்னொன்று எழும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினாள். எழுந்தன. விழுந்தன. மறுபடி எழுந்தன. பிள்ளைகள் தேர்வு எழுதுகிறோம் என்பதையே மறந்து, “போச்சு மேடம்”, “வந்துருச்சு மேடம்” என்று கபடிப் போட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேகத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். ஒன்று விழுந்தால் இரண்டு எழும்படி மாற்றினாள். மாடியில் சர்வரின் விசிறிகள் போடும் இரைச்சல் கீழே லேப் வரை கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துர்காதேவியின் விரல்கள் நிற்கவே இல்லை.

திடீரென்று எல்லாம் அடங்கியது. எந்த மிஷினும் விழவில்லை. அவன் ஓடிவிட்டான்.

காரியாபட்டி பஸ் கிளம்புவதற்குள் கடைசி மாணவனும் தேர்வை முடித்தான். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த தங்கலட்சுமி, நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு அவள் தோளைத் தட்டினார். இனி எல்லாத் தேர்வுக்கும் இந்த ஸ்கிரிப்ட்தான் என்று அங்கேயே அறிவித்தார். துர்காதேவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது வாசலில் மாரிச்செல்வம் வந்து நின்றான். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, தலை குனிந்திருந்தது.

“மன்னிச்சிருங்க மேடம்” என்றான் முதல்வரிடம். “காலையிலருந்து நம்ம சர்வர்ல ஒரு வைரஸ் பேர் தெரியாத மிஷினா முளைக்க வச்சுக்கிட்டே இருக்கு. நானும் வேர்க்க விறுவிறுக்க அழிச்சு அழிச்சுப் பாத்துட்டேன், கடைசியில அதுதான் செயிச்சிருச்சு.”