குளத்தில் விழுந்ததாகக் கருதப்படும் தட்டு

ஒரு காட்டில், சிங்கத்துக்குப் பல் கொட்டியதால் நியாயம் வந்துவிட்ட ஒரு காட்டில், பூவாத்தா என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஓடைக்கரைப் பள்ளத்தில் அவளுக்கு ஒரு வளை. அதில் இரண்டு குட்டிகள். போன மழைக்கு முன்பு மூன்று.

மேட்டுப் பாறையடியில் ஒரு வளை காலியாக இருந்தது. எந்த மழையிலும் தண்ணீர் அங்கே ஏறாது. அதைக் கேட்டு இரண்டு மனுக்கள் வந்தன. ஒன்று பூவாத்தாவினுடையது. மற்றது நாகலிங்கம் என்கிற நரியினுடையது. நாகலிங்கம் தன் இரண்டு வளைகளையும் மைத்துனர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, காகிதத்தில் வீடற்றவனாகி வந்திருந்தான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு வழக்கு வந்தால் சிங்கம் ஒரு தரப்பைத் தின்றுவிடும், வழக்கு முடிந்துவிடும். இப்போது எறிதட்டுப் போட்டி. காட்டோரத்துச் சுற்றுலா விடுதியை மூடிவிட்டுப் போன மனிதர்கள், ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் தட்டுகளையும், சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை ஒன்றையும் விட்டுப் போயிருந்தார்கள். கல்மேல் நின்று தட்டை வீச வேண்டும். ஒரே வீச்சு. கூடையில் விழுந்தால் வளை. கூடை நேரே இல்லை; மருத மரத்துக்கு அப்பால், இடப்புறம் ஒதுங்கி நின்றது. வலப்புறம் குளம்.

தட்டுகளைச் சோதித்துச் சான்று தருபவர் கருங்குரங்கு சடையாண்டி. ஒவ்வொன்றையும் ஒரு முறை வீசிப் பார்ப்பார். 'இடப்பக்கம் வளையும்', 'வலப்பக்கம் வளையும்' என்று அடியில் கரியால் எழுதிவிடுவார். எழுதியது எழுதியதுதான். அந்த எழுத்தை நம்பி வீசியவர்களின் தட்டெல்லாம் குளத்தில் விழுந்தது. தவளைகள் மனுக் கொடுத்தன. வீசியவர்களோ தங்கள் கைதான் கோணல் என்று வெட்கப்பட்டு, பேசாமல் வீடு திரும்பினார்கள்.

பூவாத்தாவுக்கு வெட்கப்பட நேரமில்லை. மேகம் கூடிக்கொண்டிருந்தது. நாலு தட்டுகளை இரவல் வாங்கி, தினமும் விடியலில் புல்வெளியில் வீசிப் பார்த்தாள். மெல்லிய விளிம்புத் தட்டு வெகுதூரம் பறக்கும் என்றார்கள். அவளுடைய குட்டைக் கைக்கு அது பாதி வழியிலேயே சோர்ந்து விழுந்தது. குழிந்த, தடித்த தட்டு பத்தடிக்குள் அவள் சொன்னதைக் கேட்டது. அதற்கு அப்பால் காற்று சொன்னதைக் கேட்டது. தேய்ந்துபோன மஞ்சள் தட்டு வலப்பக்கமாகவே சரிந்தது. சிவப்புத் தட்டுதான் பிடிவாதக்காரி. எதிர்க்காற்றிலும் நேரே போய், வேகம் தீர்ந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பி இறங்கியது, யாரும் ஓட்டாமலே தொழுவம் திரும்பும் மாட்டைப் போல.

தட்டு விழுந்த இடத்திலெல்லாம் தன் முள் ஒன்றைப் பிடுங்கி நட்டாள். பத்து நாளில் சிவப்புத் தட்டின் முட்கள் மட்டும் ஒரே இடத்தில் நாணல்போல் அடர்ந்து நின்றன. அவள் முதுகு பாதி வழுக்கையாகிவிட்டது.

சிவப்புத் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். 'வலப்பக்கம் வளையும்.'

சடையாண்டி கிளையில் உட்கார்ந்து விளாம்பழம் தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதுல தப்பா எழுதியிருக்கு. இடப்பக்கம்தான் போகுது."

"எத்தனை தடவை பாத்தே?"

"நாப்பது. முள்ளு நட்டு வச்சிருக்கேன், வந்து பாருங்க."

"முள்ளு ஆவணம் ஆகுமாம்மா?"

"நீங்க எத்தனை தடவை பாத்தீங்க?"

"ஒரு தடவை. நாப்பது தடவை பாக்கிறவங்களுக்குத்தான் சந்தேகம் வரும்."

அவர் கை மறுபடியும் ஓட்டுக்குள் போனது. பூவாத்தா அந்தக் கையையே பார்த்தாள்.

"ஐயா, நீங்க இடக்கைப் பழக்கமா? அதான் சங்கதி! இடக்கையால வீசினா தட்டு மறுபக்கம் வளையும். எங்களுக்கெல்லாம் நீங்க எழுதினது தலைகீழ்."

சடையாண்டி பழத்தைக் கீழே வைத்தார். நெடுநேரம் யோசித்தார்.

"அப்போ நீங்க எல்லாரும் கைய மாத்திக்கங்க" என்றார் கனிவாக.

மழைக்கு முந்தின நாள் போட்டி. நடுவர் கரடி, பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். பூவாத்தா வலக்கையால் சிவப்புத் தட்டை வீசினாள். அது மருத மரத்தைத் தாண்டி நேரே போய், தயங்கி, இடப்பக்கம் திரும்பியது. சங்கிலி கலகலத்தது. குட்டிகள் குதித்தன.

நாகலிங்கம், 'இடப்பக்கம் வளையும்' என்று எழுதியிருந்த மஞ்சள் தட்டை எடுத்து வீசினான். அது வலப்பக்கம் சரிந்து தொபுக்கென்று குளத்தில் விழுந்தது. ஒரு தவளை கெட்ட வார்த்தை சொன்னது.

கரடி தலை நிமிராமல் வாசித்தார். "சிவப்பு, சான்றுப்படி வலப்பக்கம் வளையும். வலப்பக்கம் குளம். ஆகவே குளத்தில் விழுந்ததாகக் கருதப்படுகிறது. மஞ்சள், சான்றுப்படி இடப்பக்கம். அங்கே கூடை. வளை நாகலிங்கத்துக்கு."

"ஐயா, தட்டு கூடையில கிடக்கு! கண்ணால பாருங்க!"

"கண்ணால பாக்கிறதுக்கா எங்களை உக்கார வச்சிருக்காங்க?"

"மனசத் தளர விடாதீங்க அக்கா" என்றான் நாகலிங்கம். "அடுத்த வருஷத்துக்கு இடக்கையில பழகுங்க."

மறுநாள் மதியமே வானம் உடைந்தது. ஓடை பள்ளத்துக்கு வந்துவிட்டது. பூவாத்தா கூடையிலிருந்த சிவப்புத் தட்டை எடுத்தாள். அது குளத்தில் இருப்பதால் யாரும் தடுக்கவில்லை. குட்டிகளின் தலைக்கு மேல் அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். வளைவாசலில் நின்றாள். சோதனைக்குப் போக மீதி முட்கள் வால் பக்கம் இருந்தன. திரும்பி நின்று, பின்பக்கமாக உள்ளே போனாள்.

"யாரது?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு அந்தக் குரல் வார்த்தையாக எதுவும் சொல்லவில்லை.

மைத்துனர்கள் நாகலிங்கத்துக்கு இடம் விடவில்லை. மூக்கில் ஏழு முட்களோடு, சொட்டச் சொட்ட அவன் கரடியிடம் போய் நின்றான். கரடி பதிவேட்டைப் புரட்டினார்.

"நீ மேட்டு வளையில இருக்கே. உலர்ந்த இடம். இதுல என்ன புகார்?"

"நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேனே, ஐயா!"

"பதிவேட்டுல நீ நனையல."

"அப்போ இந்த முள்ளு?"

"முள்ளு ஆவணம் ஆகாது, தம்பி."

மேட்டு வளைக்குள் பூவாத்தா மழையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். இருட்டில் குட்டிகளைத் தடவி எண்ணினாள். இரண்டு. மறுபடியும் எண்ணினாள்.

நீதி: உண்மையை நிரூபிக்க எல்லா முள்ளையும் செலவழித்துவிடாதே, வால் பக்கம் கொஞ்சம் மிச்சம் வை.