மோப்ப மேஸ்திரியும் என் காரின் சிவப்பு ஆயிலும்

பழவேற்காடு முதல் சுண்ணாம்புக்குளம் வரைக்கும் மோப்ப மேஸ்திரியின் மூக்குக்குத் தப்பிய இன்ஜின் ஒன்றுகூடக் கிடையாது, பிள்ளைகளே. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரரே "மோப்பம்" என்றுதான் கூப்பிடுவார்.

டச்சுக் கல்லறை மதில் ஓரம் படகு இன்ஜின் பழுதுபார்ப்பார். எடுத்ததும் ஸ்பேனரைத் தொட மாட்டார். ஆயிலில் விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "டூப்ளிகேட்டு" என்பார். (நீங்கள் யாரும் ஆயிலை மோந்து பார்க்காதீர்கள், தலை சுற்றும்.) ஐஸ் கட்டி, டீத்தூள், கல்யாண வீட்டு நெய் எல்லாமே அவருக்கு டூப்ளிகேட்டு. "ஒரிஜினல்" என்று அவர் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய கார் வாங்கினேன். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி. எங்கள் குப்பத்தில் அதுதான் முதல். மூன்றே மாதத்தில், கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைப்பது போல் குலுங்கியது. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போக வேண்டும்.

மேஸ்திரி கியர் ஆயில் அளவுக் கம்பியை உருவி மோந்தார். "தீஞ்ச வாட அடிக்குது. டூப்ளிகேட்டு. மாத்திடணும்."

"மெட்ராஸ்ல மெஷின் வச்சி மாத்துவாங்களாம், மேஸ்திரி."

"மெஷினுக்கு மூக்கு இருக்குதாபா?"



காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தபடி எட்டு லிட்டர் சிவப்பு ஆயில் வாங்கி வந்தேன். மேஸ்திரி காருக்கு அடியில் புகுந்து போல்ட்டைக் கழற்றினார். டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் ஒழுகி நின்றது. படகு இன்ஜினில் அடித்திருகைக் கழற்றினால் கியர் ஆயில் மொத்தமும் இறங்கிவிடும். காரும் அப்படித்தான் என்று நினைத்து எட்டு லிட்டரையும் ஊற்றிவிட்டார்.

வண்டி தெருமுனை தாண்டவில்லை. அளவுக் கம்பி வைக்கும் குழாய் வழியாகச் சிவப்பு நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கல்லறைப் பக்கம் மேய்ந்த ஆடுகள்கூட ஓடிவிட்டன.

என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னா மேஸ்திரி, நான் இன்னாத்துல போறது? வலையில தூக்கினு போவீங்களா?"

 மேஸ்திரி முதலில் வடித்திருந்த பழைய ஆயிலை அளந்தார். நாலு லிட்டர்கூட இல்லை. மணலில் குந்திவிட்டார்.

"முகத்துவாரம் மண்ணு மூடித் தூந்துபோன ஏரி மாதிரிபா இது. பழைய ஆயிலு பாதி உள்ளயே நிக்குது. நான்தான் அதிகமா ஊத்திட்டேன்."

அதிகப்படியை வடித்து அளவைச் சரிசெய்தார். பிறகு சட்டை மாட்டினார். அவரைச் சட்டையோடு நான் பார்த்ததே இல்லை.

"வா, மெஷின் இருக்குற எடத்துக்குப் போவலாம். புள்ளத்தாச்சி விஷயத்துல என் மூக்கு பெருசில்ல."

மெட்ராஸ் பட்டறையில் ஒரு மெக்கானிக் பெண் இரண்டு குழாய்களை மாட்டினாள். ஒன்றில் பழையது வெளியேற, இன்னொன்றில் புதியது உள்ளே போனது. அதற்குள் மேஸ்திரி அங்கிருந்த டப்பாக்களையெல்லாம் மோந்து "டூப்ளிகேட்டு" சொல்லிக்கொண்டே வந்தார்.

"பெரியவரே, அது தரை கழுவுற மருந்து."

"அதான் சொன்னேன்."

கடைசியில் அவள் காரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அவர் விரலில் வைத்தாள். ரத்தச் சிவப்பு. வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"தேவல" என்றார். அதற்கே எனக்கு மயக்கம் வந்தது.

மூன்றாம் நாள் காலை வலி எடுத்ததும், ஒரு குலுங்கல்கூட இல்லாமல் பொன்னேரி போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. சாயங்காலமே மேஸ்திரி பஸ் ஏறி வந்துவிட்டார். அதே சட்டை. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். குழந்தையின் உச்சந்தலைக்கு அருகே குனிந்து கண்ணை மூடினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். 

"ஒரிஜினல்" என்றார்.