ஐம்பது ஹெட்

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தில், கார்ட்டியர்வில் பகுதியில் சொந்த லேத் பட்டறை, எந்தக் குளிருக்கும் விரிசல் விடாத வீடு, ஓட்டை சைக்கிள்களைப் பிரித்துச் செய்த பனி தள்ளும் வண்டி. இத்தனையும் கட்டியவன் ஏழாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன். நேபாளத்தில் ஒரு மலைக் கிராமத்துக்கு வெளிச்சம் கொடுத்ததும் நான்தான். (பேராசிரியர் சிவராமன் வேறு மாதிரி சொல்லுவார். சொல்லட்டும்.)

எழுபதுகளில் எண்ணெய் விலை எகிறிய சமயம். அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு மண்ணெண்ணெய் ஆள் முதுகில்தான் ஏற வேண்டும். விலை ஏறியதும் அதுவும் நின்றுபோனது. ஓடைத் தண்ணீரில் சுற்றி மின்சாரம் தரும் சக்கரம் ஒன்றைச் சிவராமன் காகிதத்தில் வரைந்தார்; இரும்பில் கடைந்தவன் நான். டவுன்டவுனில் அவருடைய பல்கலைக்கழகத்தில் சோதனை. நேபாளத்து அதிகாரி நேரில் வருகிறார். பல்பு எரிந்தால் சக்கரம் மலை ஏறும். எரியாவிட்டால் ஆஸ்பத்திரி இருட்டுதான்.

முதல் நாள் காலை சிவராமன் போன் செய்தார். "கோவிந்தசாமி, நாளைக்கு ஹெட் அம்பது. ஏற்பாடு பண்ணிடுங்க."

"கவலையே படாதீங்க சார்!"

தலைக்கு மூன்று இட்லி. என் மனைவி ராஜம் அன்று முழுக்க அவித்தாள். மறுநாள் நூற்றைம்பது இட்லியோடும் சாம்பார் தூக்கோடும் மெட்ரோவில் ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டியைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்துக் குழாயை மாட்டினேன். திறந்தால், சொட்டியது. சக்கரம் அசையவே இல்லை.

சிவராமன் பதறினார். "என்னய்யா இது? ஹெட் எங்கே?"

"ரெண்டு ஹெட்தான் சார் வந்திருக்கு, நீங்களும் இந்த ஆபீசரும். மீதி நாப்பத்தெட்டு எப்ப வரும்? இட்லி ஆறுது."

"யோவ்! ஹெட்டுன்னா தண்ணி விழற உயரம்யா! அம்பது அடி!"

சிவராமன் விஷயத்தை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, கோட்டைக் கழற்றினார். வெளிப் படிக்கட்டு வழியாக நான்காம் மாடிக்குத் தொட்டியை நான் தனியாளாக ஏற்றினேன். (சரி, மூன்று பேருமாக.) வாளி வாளியாக நிரப்பிக் குழாயைத் திறந்தோம். சக்கரம் சீறியது. பல்பு எரிந்தது.

"எங்க ஊர்ல உயரத்துக்குப் பஞ்சமில்ல. இந்தச் சுமக்கிற வேலை மிச்சம்" என்று ஏழாவது இட்லியை விழுங்கியபடி அதிகாரி இங்கிலீஷில் சொன்னதாகச் சிவராமன் மொழிபெயர்த்தார். சக்கரத்தை வாங்கியும் கொண்டார்.

இன்றைக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் ராஜம் அரிசி களைவதற்கு முன், "அம்பதுன்னா ஆளா, அடியா?" என்று கேட்கிறாள். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சிலேயே சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். அந்த ஆஸ்பத்திரியில் விளக்கு எரிகிறது. ஆனால் சக்கரத்தின் மேலுள்ள பித்தளைத் தகட்டில் சிவராமன் பெயர் மட்டும் இருக்கிறதாம். கீழே என் பெயரும் வர வேண்டும். தகட்டை அனுப்பினால் நானே பொறித்துத் தருகிறேன். (எழுத்துப்பிழை பார்க்க மட்டும் யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.)