மணல்மேட்டுக்கு ஒரு கையெழுத்து

லிஸ்பனில் குளிரோடு குடித்தனம் நடத்தும் அன்பு அக்கா பியதாதுக்கு,

கோவாவிலிருந்து தம்பி பாஸ்கால் பணிவுடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைய மாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி ஒலிந்தாவும் நலம். வீட்டுக்குள் மணலும் நலம்.

இத்துடன் வரும் பத்திரத்தில் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பு. வீட்டுக்கு முன்னாலிருக்கும் நம் மணல்மேட்டை ஒரு ஹோட்டல்காரர் கேட்கிறார். வாரிசுகள் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் விற்க முடியும். அவர் பார்க்க வரும்போது இடம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். சான்ஜாவ் திருநாளுக்குத் தலையில் சூட ஊரே கொடி தேடி அலையுமே, "மேட்டுல இருக்கிற அடம்பங்கொடிய வேரோட எடுத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கொடியைச் சூடிக்கொண்டு ஆடிப்பாடி, சான்ஜாவ் வழக்கப்படி கிணற்றில் குதித்தார்கள், நானும் குதித்தேன், மேடு மொட்டையானது, எனக்கோ ஒரே பெருமை, பிறகு மழை இரண்டு நாள் விட்டதும் அடித்த காற்றில் மணல் கிளம்பி வந்து கட்டிலில் படுத்தது, மீன்குழம்பில் இறங்கியது, விருந்துக்கு வந்த ஹோட்டல்காரருக்கு அதைக் கடித்துப் பல் ஒன்று ஆடியது, அடுத்த வாரம் அலை ஏறி மேட்டில் பாதியைக் கொண்டுபோக, இப்போது கிணற்றுத் தண்ணீரும் கரிக்கிறது.

"ஏய் பாஸ்கால், உனக்குப் புத்தி இருக்கா? அந்தக் கொடிதானே மணலப் பிடிச்சு வெச்சிருந்துச்சு!" என்று ஒலிந்தா கத்தினாள். அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்றுகொண்டு, "தலையில வெச்சு ஆடினவங்க ஒருத்தர் விடாம வந்து புதுக் கொடி நட்டுக் குடுங்க. பாதர், நீங்களும்தான், நான் பார்த்தேன்!" என்றாள். பாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர்க் கரையிலிருந்து தண்டு கொண்டுவந்து எல்லோரும் நட்டார்கள். இந்த மழையில் எது பிழைக்கும்? எனக்கு நம்பிக்கையில்லை. மேடு கரைவதற்குள் கையெழுத்தை அனுப்பு.

அத்தானுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

பாஸ்கால்

பி.கு.: தபாலில் சேர்க்க மூன்று வாரமாகிவிட்டது. போகிற வழியில் தினமும் மேட்டருகே நின்றுவிடுகிறேன். கொடி பிடித்துக்கொண்டது அக்கா! அடியில் நாலு விரல் மணல் சேர்ந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நம் கோவா சட்டப்படி இந்த விற்பனைக்கு என் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். ஒலிந்தா முதல் நாளே முடியாது என்றுவிட்டாள். நீ போட்டால் அவளும் இறங்கி வருவாள் என்று உன்னிடம் மறைத்தேன். நீ போடாதே, பத்திரத்தைக் கிழித்துப் போடு. நேற்று ஹோட்டல்காரர் மறுபடி வந்தார். "யோவ், கொடிய மிதிக்காதய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒலிந்தாவே பயந்து வெளியே ஓடி வந்தாள்.