கண் இல்லாத கரடியும் கடைசி விலையும்

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், "மூணு நாளா முடிச்சுக்குவோமுங்க" என்று பேரம் பேசுகிற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் உண்டு. பழனி அடிவாரத்தில் பொம்மைக் கடை வைத்திருக்கிறார். பெயர் என்னவோ இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. "இதாங்க கடைசி விலை" என்று சொன்ன பிறகும் அரை மணி நேரம் பேசுவார் என்பதால் கடைவீதி முழுக்க அவருக்குக் 'கடைசி விலை' என்றே பெயர். அந்த மனிதரிடம் போய் என் மகளின் சீன மொழிப் பரீட்சையை ஒப்படைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டேன்.

சீன மொழி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கொடைக்கானலில் நான் ஆபீஸ் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில்தான் என் மகள் கயல் படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் சலுகை. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் பாஸானால்தான் பதினொன்றிலும் அந்தச் சலுகை உண்டு. ஒன்றில் விழுந்தாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்த லட்சணத்தில், இந்தி இருக்கிறது, பிரெஞ்சு இருக்கிறது, இந்த மகராசி ஒரு தோழிக்காகச் சீனத்தை எடுத்தாள். தோழி அடுத்த வருடமே பெங்களூருக்குப் போய்விட்டாள். சீனம் போகவில்லை. சொல்லிக்கொடுத்த டீச்சரும் பாதியில் விலகிவிட, மிச்சப் பாடம் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் மூலமாகக் கம்ப்யூட்டரில் நடந்தது. மேகம் இறங்கினால் நெட் போய்விடும். எங்கள் ஊரில் மேகம் எப்போது இறங்காமல் இருக்கிறது?

எழுத்துத் தேர்வைக் கூட மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றிவிடுவாள். வாய்மொழித் தேர்வுதான் எமன். டீச்சர் கேள்வி கேட்க, கயல் பதில் சொல்ல, பள்ளிக்கூடம் வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்பதால் அதைப் பதிவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே யாரோ கேட்டு மார்க் போடுவார்கள். கயலுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் போச்சு, வாய் பூட்டிக்கொள்ளும், கண் கலங்கிவிடும். மாதிரித் தேர்வில் முக்கால்வாசி பதிவானது அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான்.

வேறு கதியில்லாமல் முருகனிடம் முறையிடப் பழனிக்குப் போனோம். இறங்கி வரும்போது ஒரு பொம்மைக் கடை வாசலில், பெட்டி மேலிருந்த சீன எழுத்தைக் கயல் முணுமுணுத்துப் படித்தாள். உள்ளேயிருந்து கடகடவென்று சீனத்திலேயே பதில் வந்தது. எட்டிப் பார்த்தால், மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் கால்குலேட்டருமாக ஒரு ஆள்.

"வருசத்துக்கு ரெண்டு தடவை சரக்கெடுக்கச் சீனா போறேன் தங்கச்சி. பேச்சு பூராம் சந்தையில வந்தது. எழுத்து மட்டும் கேக்காதீங்க, அது நம்ம சோலி இல்ல. பாப்பாவுக்குப் பரீட்சை எப்ப?"

"ஏப்ரல்லண்ணே."

"ஏப்ரலா? ரொம்பக் கிட்டத்துல சொல்றாங்களே. மே மாசத்துக்குக் கேட்டுப் பாத்தீங்களா?"

அப்போதே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல், இவளுக்குப் பேசச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறே முதல் பஸ்ஸில் வெள்ளனே வந்து இறங்கிவிட்டார். ஏரிக்கரைக் கடைகளுக்குச் சரக்குப் போட வாராவாரம் வருகிறவர்தான். வழியில்தான் எங்கள் வீடு. காபி கொடுத்தேன். "முழு டம்ளரா? வேணாம் தங்கச்சி, முக்கால் போதும்" என்றார். முக்கால் ஊற்றினேன். குடித்து முடித்துவிட்டு, "அந்தக் கால் டம்ளர் பாக்கி கெடக்குல்ல?" என்று டம்ளரை நீட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. ஒரு தடவை வெறுத்துப்போய் முக்காலையும் காலையும் சேர்த்து முதலிலேயே சொம்பில் வைத்துவிட்டேன். மனிதர் முகம் வாடிப்போய்விட்டது.

பாடம் என்றால் புத்தகம் கிடையாது. சாக்கைக் கவிழ்த்து ஹாலில் கடை விரிப்பார். தண்ணீர்த் துப்பாக்கி, விசில், சாவிக்கொத்து என்று கால் வைக்க இடமிருக்காது. கயல் வாங்க வந்தவள், அவர் கடைக்காரர். "வெல கட்டலையா, வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயிரணும் தாயி. ஆனா காது மட்டும் இங்கனயே கெடக்கணும்" என்பார். உடனே என் மகள் "தாய் குவேய் லா!" என்று கத்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவாள். விலை ரொம்ப ஜாஸ்தி என்று அர்த்தமாம். அவர் பின்னாலேயே ஓடிச் சீனத்தில் கெஞ்சிக் கூட்டி வருவார்.

எதிர்வீட்டு பிலோமினாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, வீட்டுல ஏதும் பிராப்ளமா? பாப்பா வாராவாரம் கோவிச்சுக்கிட்டு வெளிய போகுது, அந்த மனுசன் பாவம் கெஞ்சிக்கிட்டே ஓடுறாரு. ஃபாதர்கிட்டச் சொல்லி ப்ரேயர் பண்ணச் சொல்லவா?"

ப்ரேயர் எனக்குத்தான் தேவைப்பட்டது. கயல் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாள். நாலு இட்லி வைத்தால் ரெண்டு என்பாள், மூன்றில் முடியும். ஒன்பது மணிக்குப் படு என்றால் பத்தரை என்பாள்.

ஒரு ஞாயிறு அவர் சாக்கிலிருந்து ஒரு பழுப்புக் கரடி பொம்மையை எடுத்து சோபாவில் உட்கார வைத்தார். கண் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. "இவருதான் பரீட்சை ஆபீசரு. இவருக்குப் பதில் சொல்லு."

"ஏண்ணே, இதுக்குக் கண்ணே இல்லையே?"

"வெளிநாட்டுல மார்க்குப் போடுறவன் நம்ம மூஞ்சியப் பாக்கவா போறான்? அவனுக்கு எதுக்குக் கண்ணு?"

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் சென்னை டீச்சரிடமிருந்து போன் வந்தது. "மேடம், உன் குடும்பத்துல எத்தனை பேருன்னு கேட்டேன். 'மூணு பேர், உங்களுக்கு எத்தனை வேணும்?'னு கேக்கறா. யார் மேடம் இவளுக்குச் சொல்லித் தர்றது?"

அடுத்த ஞாயிறு காபிக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டேன். "அண்ணே, இது பரீட்சை, சந்தை இல்ல! எம்புள்ள படிப்பே இதுல தொங்கிக்கிட்டு இருக்கு. உங்களுக்கு எல்லாமே வெளையாட்டாப் போச்சா?"

அவர் சாக்கைக் கவிழ்க்காமல் கீழே வைத்தார். கரடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத மொத சீனா போனப்ப எனக்கு ஒரு வார்த்தை தெரியாது தங்கச்சி. கடைக்காரன் என்னமோ கேட்டான். புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தலைய ஆட்டிட்டேன். ஊருக்கு வந்து மூட்டையப் பிரிச்சா, அம்புட்டும் கண்ணு வைக்காத கரடி. கண்ணு வைக்கவா வேணாமான்னுதான் கேட்டிருக்கான். அடிவாரமே சிரிச்சுச்சு. அதுல மிஞ்சுனது இது ஒண்ணுதான்."

பிறகு கயலைப் பார்த்துச் சொன்னார். "புரியலைன்னா தலைய ஆட்டாத தாயி. வாயையும் மூடாத. மறுபடி கேக்கச் சொல்லு, சின்னதாக் கேக்கச் சொல்லு. அவுங்க மொதல்ல சொன்னதுக்கே நீ எதுக்குக் கட்டுப்படணும்?"

எழுந்து போய் முக்கால் டம்ளர் காபியை எடுத்து வந்தேன். ஆனாலும் கோபம் முழுசாக ஆறாததால் அன்றைக்குச் சட்னியில் காரத்தைக் கூட்டித்தான் வைத்தேன்.

தேர்வு நடத்த சென்னை டீச்சரே மேலே வந்திருந்தார். அன்று பார்த்து மேகம், கரண்டும் இல்லை, ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வராதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் கடைசி விலை கரடியோடு பள்ளிக்கூட கேட்டுக்கு வந்துவிட்டார். நாலு மணிக்குத்தான் வெளியாட்களை விடுவேன் என்ற வாட்ச்மேனிடம், "மூணரை போட்டுக்கங்க" என்று அவர் பேசிக்கொண்டிருந்தது ஆபீஸ் ஜன்னல் வரை கேட்டது. எனக்கு மானமே போய்விட்டது.

கயல் வெளியே வந்தாள். நான் கேட்டை நோக்கி அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். "என்னடி ஆச்சு?"

"ஒரு கேள்வி சுத்தமாப் புரியலம்மா."

"அழுதியா?"

"இல்ல. மன்னிச்சுக்கங்க, இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். சொன்னாங்க. அப்பவும் புரியல. இன்னும் கொஞ்சம் சின்னதாக் கேளுங்கன்னேன். கேட்டாங்க. பதில் சொல்லிட்டேன்."

கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர் வாட்ச்மேனை விட்டுவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்தது. சீனத்தில் 'சி' கிரேடு. பாஸ்! ஆபீஸில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"சியா? அது அவுங்க மொதல்ல சொல்றதுதான் தங்கச்சி. பி-க்குக் கேட்டுப் பாத்தீங்களா?" என்றார். நான் திட்ட வாயெடுத்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கரடி இப்போது எங்கள் வீட்டு சோபாவில்தான் இருக்கிறது. என் பழைய ஸ்வெட்டரிலிருந்து இரண்டு கறுப்புப் பித்தான்களைப் பிய்த்துக் கயல் அதற்குக் கண் வைத்துவிட்டாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு எதுக்கு பாப்பா? ஒண்ணு போதுமே" என்றார்.

பரீட்சையும் முடிந்தது, பாடமும் முடிந்தது. எங்கள் வீட்டுப் படியேற அவருக்கு இனி ஒரு சோலியும் இல்லை. வருகிறார். முதல் பஸ் வளைவில் ஹாரன் அடித்ததும் பாலை அடுப்பில் வைக்கிறேன். முக்கால் டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சக் கால் டம்ளரை ஆறாமல் அடுப்போரம் மூடி வைக்கிறேன். கேட்காமல் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குத்தான் பயம்.