லிஃப்ட் இல்லாத ஓட்டல்

இந்த லீவில் லிஃப்ட் என்கிற சனியனைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தார். தெருவே அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடும். ஓடாத லிஃப்ட்டை ஓட வைப்பது அவர் பிழைப்பு. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் நோயாளியைப் பார்க்க மாட்டார்; அங்கே லிஃப்ட் எந்த மாடியில் முனகுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். போன லீவில் மலைமேல் ஓட்டலில் தங்கி, மலையைப் பார்க்காமல் லிஃப்ட் குழிக்குள்ளேயே கிடந்துவிட்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தானாகத்தான் இறங்கினார்.

இந்தத் தடவை பழைய நகரம். கல் பாவிய தெரு, கோட்டைச் சுவர், நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் மணிக்கூண்டு. அவர் சம்சாரம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊர். போவதில் தகராறு இல்லை. தங்குவதில்தான் வந்தது.

"சதுக்கத்துலயே ஒரு ஓட்டல் இருக்குங்க. பழைய மாளிகை. ஜன்னலைத் திறந்தா மணிக்கூண்டு நேரா தெரியுமாம்."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கும்."

"அப்ப வேண்டாம்."

"ஊர்ல எல்லாரும் லிஃப்ட் இல்லேன்னாதான் வேண்டாம்பாங்க."

"சமையல்காரன் லீவு போட்டுட்டு அடுப்படியிலயா படுப்பான்?"

"என் முட்டி என்னாகறது?"

"முட்டிக்குப் படி ஏறினாதான் நல்லது. டாக்டரே சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"ஏதோ ஒரு டாக்டர்."

"சரிங்க. உங்க இஷ்டம்" என்றாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷப்பட்டுத் தொலைத்தார்.

கோட்டைச் சுவரை ஒட்டிய சந்தில், நாலாவது மாடியில், லிஃப்ட் அறவே கிடையாது என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு ஓர் அறையைப் பிடித்தார். படிக்கட்டா அது? பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு போனது. பெட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது, நாக்கு இரண்டு படி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அறையில் நிமிர்ந்தால் உத்தரம் இடித்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

அவள் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

"மணிக்கூண்டு தெரியலையேன்னு வருத்தமா?" என்று அவரே கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க. காலைல அந்த ஓட்டல் வாசல்ல நின்னு ஒருவாட்டி பார்த்துட்டு வந்துடலாம். அங்க தங்கவா போறோம்?"

நியாயமாகப்பட்டது. காலையில் போனார்கள். வாசலில் நிற்கப் போனவர்கள் உள்ளே எப்படிப் போனார்கள் என்பது அவருக்கு இன்றுவரை புரியவில்லை. உள்ளே, இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய காலத்து லிஃப்ட். 'வேலை செய்யவில்லை' என்று அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு முனகு முனகி, டொக்கென்று நின்றது.

"கிளம்பலாங்க" என்றாள் சம்சாரம்.

"இரு."

"லிஃப்ட்டைப் பார்க்க மாட்டேன்னீங்க."

"எங்க பார்த்தேன்? கேக்கறேன். கதவு மூடினது மெஷினுக்குத் தெரியலை. அதான் அடம் பிடிக்குது."

"நமக்கென்ன வந்தது? நீங்க தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

"கம்பெனிக்காரங்களே கைவிரிச்சுட்டாங்க சார்" என்றார் மேனேஜர். "இனி யாராலயும் முடியாதாம்."

"யாராலயும் முடியாதா?" லிஃப்ட்காரர் சட்டைக் கையை மடித்தார்.

மேனேஜர் மேஜைக்கடியிலிருந்து ஒரு டூல்ஸ் பெட்டியை எடுத்து நீட்டினார். ஓட்டல் மேனேஜருக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவருக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டி, லிஃப்ட் சத்தமில்லாமல் மேலே போய்க் கீழே வந்தது. முழங்கை வரை கரி. வெற்றியைக் காட்டலாம் என்று திரும்பினால் சம்சாரத்தைக் காணோம்.

"அம்மா மேல ரூம்ல இருக்காங்க சார்" என்றார் மேனேஜர். "உங்க பெட்டியெல்லாம் வந்தாச்சு."

"யாரைக் கேட்டு?"

"அம்மா ஏற்பாடுதான் சார். லிஃப்ட் ஓடலைன்னு தங்கினவங்க இன்டர்நெட்ல எங்களைக் கிழிச்சிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு அம்மா போன் பண்ணாங்க. 'யாரையும் தொட விடாதீங்க, என் வீட்டுக்காரர் வர்றார், லீவு முடியறவரைக்கும் ரூமுக்கு வாடகை வாங்கக்கூடாது'ன்னு பேசி முடிச்சுட்டாங்க."

"என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"அதையும் கேட்டேன் சார். கூப்பிட்டா வர மாட்டார், வேண்டாம்னா வருவார்னாங்க."

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, தானே ஓட வைத்த லிஃப்ட்டில் ஏறி மேலே போனார். அது வேறு குலுங்காமல் போய் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

சம்சாரம் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மணிக்கூண்டு, கை நீட்டினால் முள்ளைத் திருப்பிவிடலாம் போல நின்றது.

"இது பச்சை மோசடி" என்றார்.

"தொடக்கூடாதுன்னு நாலு பேர் முன்னால சொன்னேனா இல்லையா?"

சொல்லித்தான் இருந்தாள். சோபாவில் சாய்ந்து, கரிக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"இந்த லீவு போகட்டும். அடுத்த லீவுக்கு மாடியே இல்லாத இடமா நான் பார்க்கறேன். நீ வாயைத் திறக்கக்கூடாது."

"கண்டிப்பா." அவள் செல்போனைத் தள்ளித் தள்ளி எதையோ படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிராமலேயே கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல்குளத்து மோட்டார் ரிப்பேர் பண்ணத் தெரியுமா?"