ஒரு ஸ்க்ரூகூட மாற்றாத வண்டி

பிளாஸ்டிக் மாடல் காரின் கூரையை அறுத்து முடித்த பிறகுதான் பெட்டிக்குள் கிடந்த சீட்டு பல் டாக்டரின் கண்ணில் பட்டது.

"எங்க அப்பா ஓட்டின அதே கார். எழுபதாவது பிறந்தநாளுக்குக் கட்டித் தரணும். படத்துல இருக்கிறபடியே கட்டுங்க. உங்க கைவரிசை வேண்டாம்."

மனைவியின் முத்து முத்தான கையெழுத்து. இரண்டு வாரம் முன்பே இதை அவள் வாயாலும் சொல்லியிருந்தாள். அவரும் செய்தித்தாளைப் பார்த்தபடி தலையாட்டியிருந்தார். பிறந்தநாள் இன்றைக்கு. மாமனாரும் மாமியாரும் நாலு மணிக்கு வருகிறார்கள். மணி இப்போது பத்தரை.

"அப்பா கார் ரெடியா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பெயின்ட் மட்டும்தான் பாக்கி" என்றார் டாக்டர், இரண்டு கையிலும் இரண்டு பாதிக் காரை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமையானால் டாக்டருக்கு ஹாட் ராட் கட்ட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கிட்டின் உடம்பு, இன்னொரு கிட்டின் எஞ்சின், மூன்றாவதிலிருந்து சக்கரம். கூரையை வெட்டித் தாழ்த்தி, பானெட்டில் ஓட்டை போட்டு, எஞ்சின் வெளியே தலையை நீட்டிவிட்டால் ஜென்ம சாபல்யம். இன்று காலையும் அலமாரியில் கைக்குக் கிடைத்த பெட்டியை எடுத்து அதைத்தான் செய்திருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தவர். கொடுத்ததைவிட மறுத்ததுதான் அதிகம். மருமகனின் அலமாரியை முதன்முதலில் பார்த்தபோதே, "ஒண்ணுகூட ரோட்டுக்கு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வரும்போதெல்லாம் சொந்தக் காரின் பெருமை வேறு. "பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன் மாப்பிள்ளை. ஒரு ஸ்க்ரூகூட மாத்தினதில்ல!"

அந்த வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு' என்று கேட்டுவிட வேண்டும் என்பது டாக்டரின் பத்து வருஷ ஆசை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

முதலில் கூரை. இடுக்கைப் பல் அடைக்கும் பசையால் நிரப்பி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். அது மட்டும் கச்சிதமாக அமைந்தது. தொழிலாயிற்றே.

அடுத்து, ஓட்டை விழுந்த பானெட். வேறொரு கிட்டிலிருந்து எடுத்து மாட்டினார். அந்தக் கிட் நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு; இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. பானெட் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. துருத்தலை மறைக்கப் பக்கத் தகட்டை அரத்தால் ராவினார். ராவிய வேகத்தில் இடது கதவின் கீல் உடைந்தது. மூன்றாவது கிட்டின் கதவை ஒட்டினார். அது ஒரு நூல் இறங்கி உட்கார்ந்தது.

"என்னங்க, ஏதோ உடையற சத்தம் கேட்டுதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆமா, உங்கப்பா கார் என்ன கலர்?"

"நீலம்."

"என்ன நீலம்?"

"நீல நீலம்தாங்க! எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஏறினா பின் சீட்டுல தூங்கிடுவேன். என்னைக் கேட்டா?"

உடம்பு முழுக்க அடித்த நீலம் பானெட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துபோனது. வேறு டப்பாவில் இருந்த நீலத்தை அடித்தார். அது கொஞ்சம் கறுத்த நீலம். மணி மூன்றேகால். காய வேண்டுமே என்று மனைவியின் ஹேர் டிரையரைக் காட்டினார். பெயின்ட் காய்ந்தது. ஆனால் முன் பம்பர் இளகி, ஒரு ஓரம் மேலே தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

மாமனார் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, காரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். ஆள்காட்டி விரலால் கூரையைத் தடவினார். மாமியார் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"பானெட் ரெண்டு பக்கமும் துருத்திட்டு நிக்குது."

"ஆமா மாமா, அது வந்து..."

"இடது கதவு இறங்கியிருக்கு. பம்பர் கோணல். உடம்பு ஒரு நீலம், பானெட் ஒரு நீலம்."

டாக்டர் தரையைப் பார்த்தார். பத்து வருஷ ஆசை அவ்வளவுதான்.

"என் வண்டியேதான் மாப்பிள்ளை!" மாமனாரின் குரல் உடைந்தது. "அச்சு அசல் என் வண்டி! கம்பெனிக்காரன் இப்படித்தான் செஞ்சு அனுப்பியிருந்தான். வாங்கி மூணு வருஷம் கழிச்சுத்தான் நானே கவனிச்சேன். நீங்க நேர்ல பார்த்ததே இல்லையே, எப்படி இவ்வளவு நுணுக்கமா... நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு!"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் பாதி, திருட்டுமுழி பாதி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு நழுவினார்.

மாமியார் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை வண்டியைப் பிரிச்சீங்க மாப்பிள்ளை?"

டாக்டருக்கு விக்கல் எடுத்தது. பொய் சொல்லத் தெம்பில்லை.

"மூணு, அத்தை."

"அவர் காரைச் சரிபண்ண எனக்கு நாலு ஆச்சு" என்றார் மாமியார். "அவர் ட்ரெயினிங்குக்கு வெளியூர் போயிருந்த வாரம், கார் ஓட்டிப் பழகலாம்னு எடுத்து கேட் தூண்ல மோதிட்டேன்."